சொந்தமில்லாத மூன்று பேர் தேவை

எங்கள் சொஃப்ட்போல் அணியில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் சொந்தக்காரர். அணியில் இருந்த ஒரே குறை அதுதான் என்று இவர் இன்றைக்கும் சொல்லுவார். பந்தைப் பிடிக்கத் தெரியாததும் எறியத் தெரியாததும் இவருடைய கணக்கில் குறையே இல்லை.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். அணித்தலைவரும் இவர்தான், நடுவில் நின்று பந்து எறிந்தவரும் இவர்தான். என் தம்பிமார் இருவர், சித்தப்பாவின் மகன்மார் இருவர், மிச்சமெல்லாம் பெரியப்பாவின் மருமகன், அந்த மருமகனின் தம்பி என்று பெண் கொடுத்தும் எடுத்தும் வந்த உறவு. எண்பதுகளின் கடைசியில் ஒக்லாந்தில் எங்களுக்குத் தெரிந்த தமிழரில் முக்கால்வாசிப் பேர் நாங்களேதான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஒருவர் கையைப் பிடித்து ஒருவராக வந்து, மனுரேவாவில் ஒரு வீட்டுச் சமையல் மற்ற வீட்டுக்கு மணக்கிற தூரத்தில் வாடகைக்கு இருந்தோம்.

ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கணக்கு எழுதும் இலிகிதராக இருந்தவருக்கு இங்கே மவுண்ட் வெல்லிங்டனில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. வேலையைப் பற்றி ஒரு முறைப்பாடும் சொன்னதில்லை. இவருடைய கவலை ஸ்மோக்கோ. காலையில் தேத்தண்ணிக்கு மெசின்களை நிறுத்தும் நேரத்தை இந்த நாட்டில் அப்படித்தான் சொல்லுவார்கள். நீளமான ஒரு மேசையில் எல்லோரும் இருந்து கதைப்பார்கள். திங்கட்கிழமை என்றால் சனிக்கிழமை விளையாடிய சொஃப்ட்போல்தான் கதை. யார் அடித்தான், யார் விட்டான், யாருடைய முழங்கால் போனது என்று புதன்கிழமை வரை அதுவே ஓடும். இவர் மேசையின் நுனியில் தன் ஃப்ளாஸ்கோடு இருந்துவிட்டு எழும்பி வருவார். ஒரு வருசமாக அப்படித்தான் இருந்தார்.

"அவங்கள் என்னைத் தள்ளி வைக்கேல்லையப்பா. நல்ல பெடியள்," என்பார். "எனக்குத்தான் கதைக்க ஒண்டும் இல்லை."

கதைக்க ஒன்றும் இல்லாத மனிதனை நான் என் வீட்டில் கண்டதில்லை. என் தம்பிமாரோடு தொடங்கினால் சோறு ஆறி, குழம்பு ஆறி, நானும் ஆறிப் போவேன். அப்படிப்பட்டவர் வாயே திறக்காமல் ஒரு மேசையில் இருக்கிறார் என்று நினைக்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

ஒருநாள் வந்து, சப்பாத்தைக் கழற்றமுதலே, "நாங்களும் சொஃப்ட்போலுக்கு ஒரு ரீம் போடப்போறம்," என்றார்.

"ஆர், நீங்களோ? அந்தக் கண்டறியாத விளையாட்டோ?"

ஓம், அதேதான். வட்டாரத்தில் சும்மா பொழுதுபோக்குக்கு விளையாடுகிறவர்களுக்கென்று ஒரு போட்டி இருந்தது. அதில் பெயர் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். முதல் சனிக்கிழமை தோற்ற தோல்வியை நான் என் வாயால் சொல்ல மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற சமோவாக்காரர் ஒருவர், மலைபோல் ஆள், இவருடைய சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த தோடம்பழத்தை எடுத்துப் பந்தை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தாராம். மேசை முழுக்கச் சிரித்ததாம். "ஸ்மோக்கோ முடியுமட்டும் என்னோடதான் கதைச்சவங்கள்," என்று இவர் சொல்லிச் சொல்லி நடந்தார். அன்றைக்குப் பிறகு நான் அதைக் கண்டறியாத விளையாட்டு என்று சொல்வதை நிறுத்திவிட்டேன், இவர் காது கேட்க.

அணி விளையாடிய அழகைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மட்டை பிடிக்கிற ஒழுங்கு வயதுப்படி. மூத்தவர் முதலில், இளையவன் கடைசியில். கலியாணவீட்டுப் பந்தியில் இருத்துவது போலத்தான். நன்றாக அடிக்கக்கூடிய ஒருவன் என் கடைசித் தம்பி. அவன் முறை வருமுன் மூத்தவர்கள் எல்லோரும் மரியாதையாக ஆட்டமிழந்து முடித்திருப்பார்கள். எல்லோரும் கிரிக்கெட் விளையாடி வளர்ந்தவர்கள், பந்தை அடித்தவுடன் மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நடுவர் மட்டையைப் போடு, போடு என்று கத்துவார். இவர் அதைப் பாராட்டு என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடுவார்.

பந்து உயரப் போனால் இன்னும் மோசம். கீழே இரண்டு பேர் நிற்பார்கள்.

"அத்தான், நீங்கள் பிடியுங்கோ."

"இல்லைத் தம்பி, உனக்குத்தான் கிட்ட. நீ பிடி."

"சீச்சீ, நீங்கள் நிக்க நான் எப்பிடி..."

பந்து இருவருக்கும் நடுவில் பொத்தென்று விழும். நான் புல்லில் பாயை விரித்துப் பொரித்த றோல்ஸ் பெட்டியோடு இருந்து பார்ப்பேன். பக்கத்தில் என் மச்சாள் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொள்ளுவாள்.

தோற்பது பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை. ஆட்டத்துக்கு வராமல் விடுவதுதான் வில்லங்கம். எட்டுப் பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடங்க முடியாது, அதற்கு டிஃபோல்ட் என்று பெயர். முதலில் வந்தது ஒரு கலியாணவீடு. மாப்பிள்ளை எங்கள் ஆள், மாப்பிள்ளைத் தோழன் எங்கள் ஆள், பந்தி பரிமாறியவர்கள் எங்கள் ஆட்கள். மைதானத்துக்கு ஒருத்தரும் போகவில்லை. அடுத்தது சித்தப்பாவின் மூத்த மகன் வீட்டில், பெரியபிள்ளையான மகளுக்குச் சாமத்தியவீடு. தாய்மாமன் எங்கள் அணியில் இரண்டாம் பேஸில் நிற்கிறவர். வீடியோக் கமரா பிடித்தது மூன்றாம் பேஸில் நிற்கிறவர். வர முடியாது என்று சொல்லுவதற்காக இவர் பட்டுவேட்டி சால்வையோடு மைதானத்துக்குக் காரில் போய் இறங்கினார். அங்கே போட்டியை நடத்திய வெள்ளைக்கார அம்மா நல்ல மனுசி. வேட்டி வடிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒருதரம் வராவிட்டால் அணியை எடுத்துவிடுவோம், வேறோர் அணி இடத்துக்குக் காத்திருக்கிறது என்றும் சொன்னா.

வந்து வேட்டியோடேயே கதிரையில் இருந்துவிட்டார். சாமத்தியவீட்டுப் பலகாரத்தைத் தட்டில் நீட்டினேன், தொடவில்லை.

"எடுத்துப்போட்டாங்கள் எண்டால், திங்கட்கிழமை அங்க போய் நான் என்னத்தைக் கதைக்கிறது?" என்றார்.

பகிடி பண்ண வாயெடுத்தவள் பலகாரத் தட்டை ஒருபக்கம் வைத்துவிட்டேன். திரும்பவும் அந்த மேசையின் நுனிக்குப் போவதை நினைத்துப் பயப்படுகிறார் என்று எனக்கு விளங்கியது.

அந்தக் கிழமையே எங்கள் லவுஞ்சில் கூட்டம். எல்லோரும் வந்திருந்து, இரண்டு தட்டு வடை முடிந்தபிறகு, என் மூத்த தம்பி விசயத்தைக் கண்டுபிடித்தான். "அத்தான், எங்களிட்ட ஆக்கள் குறைவில்லை. ஆனால் ஒரு வீட்டில விசேசம் எண்டால் எல்லாரும் ஒண்டாய்ப் போயிடுறம். எங்கட விசேசத்துக்கு வரத் தேவையில்லாத மூண்டு பேரைப் பிடிப்பம்."

"ஓம்," என்றார் இவர். "சொந்தக்காரர் வேண்டாம்."

உலகத்தில் எந்த யாழ்ப்பாணத்தானும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைக் கண்டால், எந்த ஊர், யாருடைய மகன், தாயின் ஊர் எது என்று தோண்டித் தோண்டி, கடைசியில் ஒரு உறவைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்த பிறகுதான் தேத்தண்ணியைக் குடிப்பார்கள். இவரும் அதே கேள்விகளைத்தான் கேட்டார், உறவு இருந்துவிடக் கூடாதே என்ற பயத்தில். புதிதாக வந்த ஒரு பெடியன், பள்ளிக்கூடத்தில் விக்கெட் காத்தவன், பந்து கையில் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் பொருந்தி வந்தது. நான் குசினிக்குள் சமைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள் சும்மா இருந்திருக்கலாம். அவனுடைய பெண்சாதியின் தாய் என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி முறை என்று எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டேன். இவருடைய முகம் செத்துப்போனது. "அப்ப சரிவராது தம்பி, குறை நினைக்காதையும்," என்று கைகுலுக்கி அனுப்பினார். சொந்தம் என்று தெரிந்ததும் வாசலைக் காட்டுகிற வீட்டை அந்தப் பெடியன் அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டிருப்பான்.

கடைசியில் மூன்று பேர் அகப்பட்டார்கள். மன்னார்க்காரரான ஒரு தச்சர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், எங்களோடு எந்தக் கலியாணக் கொடுக்கல் வாங்கலும் இல்லாதவர். மவுண்ட் வெல்லிங்டனில் இருந்த தமிழ்நாட்டு என்ஜினியர் ஒருவர், எதைச் சொன்னாலும் ஆமாங்க என்பார், பந்து வந்தால் மட்டும் கண்ணை மூடுவார். மூன்றாமவர் மாசி என்கிற வட்டாரத்திலிருந்து வந்த மலேசியத் தமிழர். அவர் பள்ளிக்கூடத்தில் உண்மையான சொஃப்ட்போல் விளையாடியவர். கையைக் காற்றாடி மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி அவர் எறிந்த முதல் பந்து வேலியில் மோதிய சத்தத்துக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் குனிந்துவிட்டார்கள்.

இப்போது புது வில்லங்கம். இந்த மனிதர் பந்து எறிந்தால் அணிக்கு நல்லது. அப்படியானால் இவர் வெளியே இருக்க வேண்டும். அதை யார் சொல்லுவது? இவர் எல்லோருக்கும் அத்தான். அத்தானைப் பார்த்து, "நீங்கள் போய் வெளியில வாங்கில இருங்கோ" என்று சொல்லுகிற நாக்கு எங்கள் குடும்பத்தில் இன்னும் முளைக்கவில்லை. தம்பிமார் என்னிடம் வந்து, "அக்கா, நீ சொல்லிப் பாரன்," என்றார்கள். நான் ஏன் சொல்ல? இரவு ஒரே கூரைக்குள் இருக்கிறவள் நானல்லவா?

மாசிக்காரருக்கு இந்த வில்லங்கம் ஒன்றும் இல்லை. பயிற்சியின்போது நேரே வந்து நின்றார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க பந்து போடுறது அவங்களுக்குச் சோறு ஊட்டுற மாதிரி இருக்கு லா. நீங்க வெளிய உக்காந்து ஆளுங்களப் பாருங்க, நான் போடுறேன்."

என் மூத்த தம்பி ஆகாயத்தைப் பார்த்தான். இளையவன் அவிழாத சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து கட்டினான். இவர் கையிலிருந்த பந்தைக் கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "சரி தம்பி," என்று கொடுத்துவிட்டார்.

எனக்குத்தான் கவலை. அணி தப்பினாலும் இந்த மனிதர் தப்பவில்லையே, வெளியே சும்மா இருந்த ஆள் அந்த மேசையில் என்ன சொல்லுவார் என்று யோசித்து யோசித்து, அடுத்த திங்கட்கிழமை இவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன். மனிதர் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். "அவங்கள் இப்ப என்னைக் கோச் எண்டு கூப்பிடுறாங்கள்," என்றார், ஒன்றும் நடக்காத மாதிரி.

"என்னது?"

"வெளியில இருந்து ஆக்களை மாத்திறவர் கோச் தானே. அந்த சமோவாக்காரன்தான் சொன்னவன்."

ஐயோ கடவுளே, அதற்குப் பிறகு இவருடைய நடப்பைத் தாங்க முடியவில்லை. மட்டை பிடிக்கிற ஒழுங்கை மாற்றினார். வயது பாராமல் என் கடைசித் தம்பியை முன்னுக்கு விட்டார். பந்துக்குக் கீழே நின்று உபசாரம் கதைக்கிறவர்களைப் பார்த்து, "அத்தானும் கித்தானும் வீட்டில, பந்தைப் பிடியடா!" என்று வெளியிலிருந்து கத்தினார். இரண்டு ஆட்டம் வென்றும் விட்டார்கள். வீட்டிலும் கோச் தான். சோற்றுப் பானையை எந்த அடுப்பில் வைப்பது என்று எனக்கே சொல்லித்தர வந்தார்.

அந்த நேரத்தில்தான் பெரியப்பா போய்விட்டார் என்று கொழும்பிலிருந்து ரெலிபோன் கோல் வந்தது. செய்தி வந்து சேரும்போது ஊரில் எல்லாம் முடிந்திருந்தது. அப்பா இல்லாத எங்களை வளர்த்தவர் பெரியப்பா. என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர், பெண் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று கேட்டவர்களின் வாயை அடைத்தவர். நாங்கள் போக வழியில்லை. சண்டை நடந்துகொண்டிருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை, சித்தப்பாவின் மகன்மாரையும் சேர்த்துத் தம்பிமார் நாலு பேருக்கும் துடக்கு, அந்தத் தீட்டோடு விளையாடக் கூடாது. பெரியப்பாவின் மருமகனும் அவருடைய தம்பியும் மற்றவர்களும் துக்கவீட்டை விட்டு மட்டை தூக்கிக்கொண்டு போகிற ஆட்கள் இல்லை. சொந்தக்காரர் ஒருவரும் மிச்சமில்லை. புதிதாகப் பிடித்த மூன்று பேரோடு இவரையும் சேர்த்தால் நாலு. சனிக்கிழமை ஆட்டம். அணியின் கதை முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் லவுஞ்சில் பெரியப்பாவின் படத்தை வைத்து விளக்கேற்றிச் சுற்றி இருந்தோம். எனக்கு அழுகை வரவில்லை. ஒருவருக்கும் வரவில்லை. செத்தவீடு நடந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இது விளங்கும். எங்கள் பக்கத்தில் ஆள் வந்தால்தான் அழுகை வரும். படலையைத் திறந்து ஒருத்தி உள்ளே வர, வீட்டுப் பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துக் குழற, அவளும் குழற, அப்படித்தான் நெஞ்சுக்குள் இருப்பது வெளியே வரும். இங்கே யார் வருவது? இருந்த எல்லோரும் வீட்டுக்காரர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தோம்.

வெள்ளிக்கிழமை இவர் வேலையால் வந்து, என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"இஞ்சாரும். ஸ்மோக்கோவில ஏன் முகம் இப்பிடி எண்டு கேட்டவங்கள். மாமா செத்துப்போனார், மச்சான்மார் விளையாடக் கூடாது, ரீம் முடிஞ்சுது எண்டு சொன்னன். நாளைக்கு நாங்கள் வாறம் எண்டு அஞ்சு பேர் சொல்லுறாங்கள். பகிடிக்கோ தெரியேல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் போகட்டோ? செத்தவீட்டுக்குள்ள இருந்து விளையாடப் போனான் எண்டு உம்மட தம்பிமார் நினைப்பினமோ?"

"நீங்கள் மருமகன்தானே, உங்களுக்கென்ன துடக்கு?" என்றேன். "போங்கோ. பெரியப்பா இருந்தால் முதல் ஆளாய்த் துரத்தியிருப்பார்."

சனிக்கிழமை போனார். அங்கே நடந்ததை மன்னார்க்காரர்தான் பிறகு எங்களுக்குச் சொன்னார். ஐந்து பேரும் தங்கள் சொந்தக் கையுறைகளோடு இவருக்கு முன்னமே வந்து நின்றார்களாம். இவரைச் சேர்த்து ஒன்பது பேர். இவரை வலது பக்கத்தில், பந்தே வராத தூரத்தில் நிறுத்தினார்களாம். அப்படியும் ஒன்று தேடி வந்ததாம், விட்டுவிட்டாராம். தோல்விதான். ஆனால் ஆட்டம் முழுக்க நடந்தது, அணி தப்பிவிட்டது.

நாங்கள் இங்கே இதொன்றும் தெரியாமல் இருந்தோம். பின்னேரம் வீட்டுக்கு முன்னால் ஒன்றின்பின் ஒன்றாகக் கார்க்கதவு அடிபட்டது. எட்டிப் பார்த்தால், சேறு பிரண்ட கால்சட்டைகளோடு ஒரு கூட்டம். யாரும் சொல்லாமலே சப்பாத்துகளைக் கழற்றி வாசலில் வரிசையாக வைத்துவிட்டு, சத்தம் போடாமல் நின்றார்கள். உள்ளே வாருங்கள் என்று கூப்பிடும்வரை ஒருவரும் படியில் கால் வைக்கவில்லை. இவர் முன்னால் வந்து, "நான் வரச்சொல்லேல்லை, இவங்கள் கேக்கிறாங்கள் இல்லை. செத்தவீடு எண்டால் வீட்டுக்குப் போகத்தான் வேணுமாம்," என்றார், தான் ஏதோ பிழை விட்ட மாதிரி.

சமோவாக்காரரின் மனைவியும் வந்திருந்தா. அவரைப் போலவே பெரிய உருவம், கையில் அதைவிடப் பெரிய பானை. காலையிலிருந்து சமைத்ததாம். மூடியைத் திறந்தால் மாட்டிறைச்சி. சைவத் துக்கவீட்டுக்குள், விளக்கு எரிகிற படத்துக்கு முன்னால்! இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டுபோய்க் குசினி மேசையின் நடுவில் வைத்தேன். மன்னார்க்காரர் அதற்குப் பொறுப்பெடுத்தார்.

எல்லோரும் தரையில் சம்மாணம் கட்டி இருந்தார்கள். லவுஞ்ச் நிறைந்துவிட்டது. அவர்களில் தலை நரைத்த ஒருவர், இந்த நாட்டுப் பூர்வீகக் குடியான மாவோரிக்காரர், எழும்பினார். எங்களைப் பார்த்து ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பெரியப்பாவின் படத்துக்கு நேரே திரும்பி நின்று, தங்கள் பாஷையில் பெரியப்பாவோடு கதைக்கத் தொடங்கினார். குரல் ஏறியது, இறங்கியது. ஒரு இடத்தில் ஏசுகிற மாதிரி இருந்தது, ஒரு இடத்தில் கெஞ்சுகிற மாதிரி. "என்ன சொல்லுறார் எண்டு எனக்கும் விளங்கேல்லை," என்று இவர் என் காதுக்குள் குசுகுசுத்தார். எனக்கு விளங்கியது. எங்களை விட்டுவிட்டு ஏன் போனாய் என்று எங்கள் பெண்கள் செத்தவரைப் பார்த்துக் கேட்பார்களே, அதைத்தான் அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் முடித்து இருந்ததும் அந்தப் பெரிய மனுசி எழும்பி என்னிடம் வந்தா. இரண்டு கையையும் விரித்தா. நான் போய் அவவைக் கட்டிப்பிடித்தேன். "என்ர பெரியப்பா, என்ர ஐயா, உங்களைப் பாக்கக் கிடைக்கேல்லையே," என்று வீடு அதிரக் குழறினேன். அவவும் என்னைப் பிடித்துக்கொண்டு சத்தம் வைத்து அழுதா. என் தம்பிமார் நாலு பேரும் அதைக் கேட்டுத்தான் அழத் தொடங்கினார்கள்.